மாப்பிள்ளை ஏற்றியது, மாமியார் இறக்கியது

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகள் அபி சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் என் நோட்டுப் புத்தகத்தையும் இன்னொரு பக்கம் தன் கணவரின் செல்போனையும் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறோம். ஆனாலும் ஒரு வாரமாக நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியத்தைப் பார்த்தால், வேறு வேறு ஜில்லாவில் குடியிருக்கிறவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அபி ஆராய்ச்சி மாணவி. வித்துரா பக்கத்து மலைச்சரிவுகளில் பெருமழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும், மண் எங்கே பெயரும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. கடைசி அத்தியாயத்துக்கு ஒரே ஒரு பெரிய கணக்குதான் பாக்கி. அதை ஓடவிட்டால் இரண்டரை நாள் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. நின்ற இடத்திலிருந்து தொடரும் வசதி அந்தப் பழைய ப்ரோகிராமில் கிடையாது. நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், கிடையாதாம்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிதான் கெடு, அதற்குள் முடிவை அனுப்பினால் அவளுடைய கைடு மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளிநாடு கிளம்புவார். அனுப்பாவிட்டால்? அடுத்த கமிட்டி ஆறு மாதம் கழித்து. பெங்களூரில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் வேலை ஆறு மாதம் காத்துக்கொண்டிருக்காது. ஐந்து வருடப் படிப்பு அந்த ஒரு வெள்ளிக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்காகவே மாப்பிள்ளை சதீஷ் ஒரு கம்ப்யூட்டர் கட்டித் தந்தார். அவருக்குத் திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பக்கம் சாஃப்ட்வேர் வேலை. அபி படிப்பை முடிக்கும்வரை இருவரும் கரமனையில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாமியார் வீட்டில் வந்து தங்குவதில் அவருக்கு உள்ளூரக் கூச்சம். சாப்பிட்ட தட்டை நான் எடுப்பதற்குள் எடுத்துக் கழுவிவிடுவார். அப்படிப்பட்டவர் தன் பங்காக ஏதாவது செய்ய வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கி, அந்த மெஷினை எழுப்பினார்.

சும்மா எழுப்பவில்லை. ஓவர்க்ளாக் செய்தார். கம்பெனிக்காரன் 'இந்த வேகத்தில் ஓட்டு' என்று சொல்லி விற்பதை, 'அதெல்லாம் நீ சொல்லிக்கோ' என்று அதற்கு மேல் விரட்டுவது. கம்பெனி வேகத்தில் எழுபத்தைந்து மணி நேரம் பிடிக்கும் கணக்கு, விரட்டினால் அறுபது மணி நேரத்தில் முடிந்துவிடும். விரட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று, கணக்குப் போடும் ப்ராசஸர். இன்னொன்று, அந்தக் கணக்கையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் மெமரி. ப்ராசஸர் 52, மெமரி 3600 என்று இரண்டு எண்களை ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை காலை, அபி காலண்டரில் ராகு காலம் பார்த்துவிட்டு — ஆமாம், பார்ப்பாள், ஆராய்ச்சி வேறு ராகு காலம் வேறு — ஒன்பது மணிக்குக் கணக்கை ஓடவிட்டாள். மறுநாள் மூன்று மணிக்கு நான் எட்டிப் பார்த்தால், திரை முழுக்க நீலம், மெஷின் விழுந்துவிட்டதற்கு அடையாளம். முப்பது மணி நேரக் கணக்கு போயே போச்சு.

வீட்டில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் மட்டும். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், நான் இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்த்தவள். பழுது என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. கேபினட்டைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. ப்ராசஸரை அளவுக்கு மீறி விரட்டியிருக்கிறார், சூடு தாங்காமல் விழுந்திருக்கிறது என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இங்கேதான் மாமியார் என்கிற பிராணி உள்ளே வருகிறது. சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் 'வேகத்தைக் கொஞ்சம் குறைங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லலாமா? ஆசை ஆசையாகக் கட்டித் தந்திருக்கிறார். முதல் ஓட்டத்திலேயே மாமியார் குறை கண்டுபிடித்தாள் என்று ஆகாதா? அவர் மனசு நோகாதா? அதனால் என்ன செய்தேன்... மெஷினை ஆன் பண்ணி, டெலீட் பட்டனைத் தட்டி, செட்டிங்ஸ் இருக்கும் பயாஸுக்குள் நானே நுழைந்தேன். ப்ராசஸரை 52இலிருந்து 49க்கு இறக்கினேன். சத்தமில்லாமல் வெளியே வந்து காப்பி போட்டேன்.

மறுநாள் காலை ஐந்து மணி. இந்தப் பக்கத்துக்கு நான் விடிகாலையில் எழுத உட்காருவதும் இப்போது அதே கம்ப்யூட்டரில்தான். எதற்கும் ஒரு தடவை பார்ப்போமே என்று பயாஸுக்குள் போனால், ப்ராசஸர் மறுபடி 52. மெமரி 3600 இருந்த இடத்தில் 3200.

உங்களுக்கு என்ன தோன்றும்? யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. நான் இறக்கியதை போர்டு தானாக ஏற்றிவிட்டது, மாப்பிள்ளை ஏற்றிவைத்ததைத் தானாக இறக்கிவிட்டது, போர்டுக்கு ஏதோ கிறுக்கு என்று முடிவு கட்டினேன். ப்ராசஸரை மறுபடி 49 ஆக்கினேன். மெமரியை, காகிதத்தைப் பார்த்து, மாப்பிள்ளை வைத்த அதே 3600க்கே கொண்டுபோனேன். அவர் வைத்ததை நான் ஏன் குறைக்க வேண்டும்? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்தேன். எக்ஸ்சேஞ்ச் பழக்கம்.

ஒன்பது மணிக்கு அபி ஓடவிட்டாள். வியாழக்கிழமை நான்கு மணிக்கு நீலம்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் உள்ளே போய்ப் பார்த்தால், மறுபடி அதே கதை. 52, 3200. செட்டிங்ஸை நினைவில் வைத்திருக்க போர்டில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருந்தால் இப்படி ஆகலாம் என்று நான் புதன்கிழமையே ஆரியசாலை கடைத்தெருவுக்குப் போய் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கேபினட்டைத் திறந்தேன். உள்ளே இருந்த பேட்டரி பளபளவென்று புத்தம் புதிது. எவ்வளவு பொறுப்பான பிள்ளை, இதைக்கூடப் புதிதாகப் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டே அதைக் கழற்றிவிட்டு என்னுடையதைப் போட்டேன். பேட்டரியை எடுத்தால் எல்லா செட்டிங்கும் போய்விடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். 49, 3600.

அந்த ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை போனது. நாற்பத்தொன்பது மணி நேரம். கண்ணெதிரே நீலமானது. அன்று எல்லோரும் வீட்டில். அபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளையும் நானும் ஹாலில் நின்றோம்.

"ஈர்ப்பமா இருக்கும் அத்தை. மழைக்காலமில்லியா," என்றார் மாப்பிள்ளை. திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், ஈரப்பதத்துக்கு அவரிடம் அந்த மலையாள வார்த்தைதான்.

"ஆமா மாப்பிள்ளை. ஈரம்தான்," என்றேன்.

"கரண்டும் சரியில்ல, கேட்டோ."

"அதான். கரண்டே சரியில்ல."

காரணம் ஈரமும் இல்லை, கரண்டும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். எவ்வளவு நாகரிகமான சம்பாஷணை பாருங்கள்.

திங்கட்கிழமை காலை மறுபடி ஓடவிட்டாள். செவ்வாய் இரண்டு மணிக்கு நான்காவது தடவையாக நின்றது. அபி நாலரைக்கு வந்தாள். நான் போனில் சொல்லியிருந்ததால் திரையைக்கூடப் பார்க்கவில்லை. நேரே சாப்பாட்டு மேஜைக்குப் போய், லேப்டாப்பைத் திறந்து, கைடு மேடத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். முடியாது என்று எழுதும் கடிதம். தோற்கிற பெண் இல்லை அவள்.

பொறுக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அபி, தப்பு உன் பேர்ல இல்லன்னு மேடத்துக்கு எழுது. போர்டு கோளாறு. நான் வெக்கிற செட்டிங் நிக்கவே மாட்டேங்குது. எல்லாம் தேதியோட இதுல இருக்கு. மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிராத, வருத்தப்படுவாரு."

அபி என்னை ஒரு விநோதமான பார்வை பார்த்தாள். "அம்மா," என்றாள் மெதுவாக. "பஸ் ஸ்டாப்ல இருந்து வர்ற வழியில சதீஷ் போன்ல இதையேதான் சொன்னாரு. அவரு வெக்கிறது நிக்க மாட்டேங்குதாம். போட்டோவும் எடுத்து வெச்சிருக்காராம். அத்தைகிட்ட மட்டும் சொல்லாதன்னாரு."

ஐந்தரைக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார், அன்றைக்கென்று சீக்கிரமாக. அபி அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். போட்டோவைத் தள்ளத் தள்ள, நோட்டைப் புரட்டப் புரட்ட... அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

விஷயம் இதுதான். முதல் தடவை விழுந்ததுமே மாப்பிள்ளைக்கு மெமரி மேல் சந்தேகம். மெஷின் நின்ற ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பயாஸில் மெமரியை 3200க்கு இறக்குவார். நான் 49 ஆக்கிய ப்ராசஸரைப் பார்த்து, போர்டு மறந்துவிட்டது என்று 52க்கு ஏற்றுவார். மறுநாள் விடிகாலையில் நான் போய் இரண்டையும் தலைகீழாக்குவேன். நான் மெச்சிக் கழற்றிய புதுப் பேட்டரியும் முந்தின நாள் சாயங்காலம் அவர் போட்டதுதான். அபி ஓடவிடுவது காலை ஒன்பதுக்கு. ஆக, கடைசிக் கை எப்போதும் என் கை.

"எந்தா இது! நாலு ரன் போச்சு, நாலு ரன்," என்றாள் அபி. கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம் முதலில் வரும். "சொல்றதுக்கு என்ன? வாயில என்ன வெச்சிருந்தீங்க ரெண்டு பேரும்?"

அப்போது எங்கள் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசினார். "எனக்குத் தெரியுமே. காலைல அஞ்சு மணிக்கு நீ, சாயங்காலம் ஆறரைக்கு மாப்பிள்ளை. ஷிஃப்ட் போட்டுப் பாக்கறீங்கன்னு நினைச்சேன்."

இந்த மனுஷரை என்ன செய்வது, சொல்லுங்கள்?

கணக்குப் போட்டுப் பார்த்தோம். வெள்ளி மத்தியானத்துக்கு அறுபத்தாறு மணி நேரம்கூட முழுசாக இல்லை. கம்பெனி வேகத்தில் ஓட்டினால் முடியாது. என்னுடைய 49இல் ஓட்டினால் உடனே ஆரம்பித்தாக வேண்டும், சோதித்துப் பார்க்க நேரமிருக்காது. 52இல் ஓட்டினால், ராத்திரி பன்னிரண்டுக்குள் ஆரம்பித்தால், முடியும். விழாமல் இருந்தால்.

மாப்பிள்ளை ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். சட்டைப் பட்டனைத் திருகினார்.

"அத்தை, ஒரு காரியம் சொல்லட்டா. தப்பா எடுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"ப்ராசஸர்ல குழப்பம் ஒண்ணும் இல்ல அத்தை. சூடு அதுக்குத் தாங்கும். நான் டெஸ்ட் பண்ணினப்ப ரெண்டு மெமரிதான் இருந்தது. அபிக்குப் போதலன்னு பின்ன ரெண்டு கூட வாங்கிச் செருகினோம். நாலு சேர்ந்தா 3600 தாங்காது. நீங்க... திரும்பத் திரும்ப 3600 வெச்சது..." நிறுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார். "தப்பு உங்க பேர்லதான் அத்தை."

சுருக்கென்றது. மறைப்பானேன், நன்றாகவே சுருக்கென்றது. இருபத்தெட்டு வருடம் பழுது பார்த்தவளைப் பார்த்து, கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதல்முறையாக, தப்பு உன்னுடையது என்கிறார். அப்புறம் யோசித்தால், இவர் இதை முதல் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் என் பெண் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாளே என்று அவர் மேல் கோபம் வந்தது. நானும்தானே சொல்லவில்லை என்று அடுத்த நொடி அந்தக் கோபமும் போனது.

"ஏன் மாப்பிள்ளை இத்தன நாள் சொல்லல?"

"பின்னே, நீங்க எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவங்க. உங்க முன்னாடி நான் எப்படி..."

நல்ல மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமென்று எல்லாத் தாயும் வேண்டிக்கொள்கிறாள். கொஞ்சம் சண்டை போடுகிற மாப்பிள்ளையாகவும் கேட்டிருக்கலாம். நம் வீடுகளில் எத்தனை சமாசாரம் இப்படி! சம்பந்தி வீட்டார் மனசு கோணாமல் இருக்க நாம் ஒன்று செய்ய, நம் மனசு கோணாமல் இருக்க அவர்கள் ஒன்று செய்ய, நடுவில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு முழிக்கும். எல்லோரும் நல்லவர்கள். வேலைதான் நடக்காது.

"சரி. நீங்க சொல்றது சரின்னே வெச்சுக்குவோம்," என்றேன். "ஆனா மெமரிதான்னு உங்களுக்கும் ஊகம்தானே? பழுத நம்ம கண்ணு முன்னாடி ஒரு தடவை வரவழைச்சுப் பாக்காம, சரியாச்சுன்னு நான் எழுதிக் குடுத்தது கிடையாது. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். இன்னிக்கு என் வழியில பாப்போம்."

"அதே அத்தை. அது மதி," என்றார். உடனே ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தேகம். "மரியாதைக்குச் சொல்றீங்களா, நெசமா சொல்றீங்களா?"

"நெசமா அத்தை."

ப்ராசஸரைக் கம்பெனி வேகத்துக்கே இறக்கினோம். மெமரியை மட்டும் 3600இல் வைத்து மெமரி டெஸ்டை ஓட்டினோம். பதினோராவது நிமிடம் முதல் பிழை சிவப்பாக வந்தது. பிறகு சரசரவென்று வரிசையாக. ப்ராசஸர் மேல் நான் எழுதிய தீர்ப்பு அங்கேயே செத்தது. அடுத்து மெமரியை மட்டும் 3200 ஆக்கினோம், பிழை நின்றது; அதன் பிறகுதான் ப்ராசஸரை 52க்கு ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட்டினோம். ஒரு பிழை இல்லை. அபி எங்கள் இருவர் நாற்காலிக்கும் பின்னால் நின்று, எங்கள் கைகளையே காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடவிட்டாள். கீபோர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நம்பிக்கை என்றால் இதுவல்லவா நம்பிக்கை.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு மழை பெய்தது பாருங்கள், கரண்ட் போய்விட்டது. மெஷின் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு முழுக்க ஓடி ஃபேன், லைட், ஒன்று விடாமல் அணைத்தார். நாங்கள் நான்கு பேரும் இருட்டில் உட்கார்ந்து அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கை துறுதுறுத்தது, எதையாவது போய்ச் சரிசெய்ய வேண்டும் போல. இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தால் மாப்பிள்ளையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. விளக்கு அணையவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு ஐம்பது. அறுபது மணி நேரம் முடிந்து, முழு முடிவும் திரையில் வரிவரியாக இறங்கியது. அபி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? மாப்பிள்ளை வாசலுக்குப் போய் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். பதினொன்றேகாலுக்கு மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது. கையெழுத்து ஆகிவிட்டதாம்.

நேற்று அபி ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை டைப் செய்துகொண்டிருந்தாள். கணக்கு ஓடிய அறுபது மணி நேரமும் மெஷினில் கை வைக்காமல் இருந்த வீட்டாருக்கு நன்றி என்று எழுதிவிட்டு, யார் பெயரை முதலில் போடட்டும் என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை பேரப் போடு," என்றேன்.

"ஐயோ, அத்தை பேருதான் முதல்ல," என்றார் மாப்பிள்ளை.

"கம்ப்யூட்டர் கட்டினது அவரு."

"பிழையைக் கண்டுபிடிக்க வழி சொன்னது அத்தையாக்கும்."

"அதெப்படி மாப்பிள்ளை..."

"சாரமில்ல அத்தை, பரவாயில்ல, நீங்கதான்..."

கால் மணி நேரம் பார்த்தாள் அபி. பிறகு எங்களைக் கேட்காமலேயே முதல் பெயரை டைப் செய்தாள். எட்டிப் பார்த்தால், அவள் அப்பா பெயர்.

"அவர் என்னடி செஞ்சாரு?" என்றேன்.

"ஒண்ணும் செய்யல. அதுக்குத்தாம்மா."